வான்போக்குவரத்து மேலாண்மையை நவீனப்படுத்தும் ஆய்வு: முதலில் பணிக்குப் போவதா, படிப்பைத் தொடர்வதா?

கேள்வி: இறுதியாண்டு மாணவி, சென்னை

வணக்கம். சென்னையில் விமானப் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். காற்றியக்கவியல், உந்துவியல், கட்டமைப்பு என்று ஒரு தனி விமானத்தை எப்படி வடிவமைப்பது, எப்படிப் பறக்க வைப்பது என்பதை எங்களுக்கு விரிவாகவே கற்றுத்தந்தார்கள். ஆனால் ஒரே நேரத்தில் வானில் இருக்கும் பல நூறு விமானங்களை யார், எந்தக் கணக்கின்படி, ஒன்றையொன்று நெருங்காமல் நடத்திச் செல்கிறார்கள் என்பது ஒரு விருப்பப் பாடத்தின் ஓர் அலகோடு முடிந்துவிட்டது. அந்த அலகைப் படித்ததிலிருந்து என் மனம் அதிலேயே நிற்கிறது. மேற்கொண்டு இந்தத் துறையில்தான் உழைப்பது என்று முடிவு செய்துவிட்டேன். போகும் வழிதான் தெளிவாகவில்லை.

இந்திய விமான நிலையங்கள் ஆணையத்தின் தேர்வை எழுதி வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளராகச் சேர்ந்துவிட்டுச் சில ஆண்டுகள் கழித்து ஆய்வுக்குப் போவது நல்லதா, நேரே முதுகலை, முனைவர் பட்டம் என்று போவது நல்லதா? ஐரோப்பாவின் செசார், அமெரிக்காவின் நெக்ஸ்ட்ஜென் ஆகிய வான்போக்குவரத்து நவீனமயத் திட்டங்களின் அறிக்கைகளைப் புரட்டிப் பார்த்தேன். பெரிய நோக்கங்கள் தெரிகின்றனவே தவிர, இத்துறையில் ஆய்வு செய்யும் ஒரு மாணவர் எதை எடுத்துக் கணக்கிடத் தொடங்குவார் என்பது பிடிபடவில்லை. வீட்டில் இன்னொரு கவலையும் இருக்கிறது. கூடிய விரைவில் எல்லாம் கணினிமயமாகிவிடும், கட்டுப்பாட்டாளர்களே தேவைப்பட மாட்டார்கள் என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து அப்பா தயங்குகிறார். துறையில் இருப்பவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற கட்டுப்பாட்டாளர்

வாழ்த்துகள், அம்மா. விமானம் ஓட்டவும் விமானம் கட்டவும் ஆசைப்படும் பிள்ளைகள் நிறையப் பேர் உண்டு. வான்வெளியைப் பற்றிக் கேட்டு வருபவர்கள் மிகவும் குறைவு.

முதலில் பணிக்கான வழியைச் சொல்லிவிடுகிறேன். இயற்பியலும் கணிதமும் படித்த அறிவியல் பட்டதாரிகளும் பொறியியல் பட்டதாரிகளும் ஆணையத்தின் இளநிலை நிர்வாகி தேர்வை எழுதலாம். எழுத்துத் தேர்வுக்குப் பிறகு குரல் தேர்வும் மருத்துவப் பரிசோதனையும் உண்டு. தேர்வானவர்களுக்குப் பயிற்சி தரும் நிலையங்களில் மூத்தது பிரயாக்ராஜின் பம்ரௌலியில் 1948-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கல்லூரி. ஹைதராபாத்திலும் கோந்தியாவிலும் கூடப் பயிற்சி நடக்கிறது. ஆனால் அங்கே பெறும் சான்றிதழோடு தனியாக ஒலிவாங்கியைப் பிடித்துவிட முடியாது. பணியிடத்தில் தகுதிபெற்ற ஒருவரின் அருகில் அமர்ந்து, அவர் காதில் விழும்படி ஒவ்வொரு சொல்லையும் பேசிப் பழகி, கோபுரம் (ஓடுபாதையில் ஏறி இறங்குபவை), அணுகுதல் (நிலையத்தை நெருங்குபவை), பகுதிக் கட்டுப்பாடு (வழியில் உயரே செல்பவை) என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே தகுதி பெற வேண்டும். ஒரு நிலையத்தில் பெற்ற தகுதி வேறொரு நிலையத்துக்குச் செல்லாது. இடமாற்றம் என்றால் மீண்டும் பயிற்சிதான்.

இனி உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். நவீனப்படுத்துதல் என்றால் என்னவென்று புரிந்துகொள்ள வெகுதூரம் போக வேண்டியதில்லை. வங்காள விரிகுடாவைப் பார்த்தாலே போதும். இந்தியாவின் வான்வெளி மும்பை, டெல்லி, கொல்கத்தா, சென்னை என நான்கு பெரிய விமானத் தகவல் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. சென்னை மண்டலத்தில் கடல் பெரும்பங்கு வகிக்கிறது. சிங்கப்பூர் நோக்கிச் செல்லும் ஒரு விமானம் கரையிலிருந்து ஏறத்தாழ 250 கடல் மைல் தாண்டியதும் நிலத்து ரேடாரின் பார்வையிலிருந்து மறைந்துவிடும்; கட்டுப்பாட்டாளர்கள் வழக்கமாகப் பேசும் விஎச்எஃப் வானொலியும் எட்டாது. முன்பெல்லாம் அதற்குப் பிறகு, தொலைதூரம் எட்டினாலும் இரைச்சல் மிகுந்த எச்எஃப் அலைவரிசையில் விமானி சொல்லும் நிலையும் நேரமும்தான் ஆதாரம். கட்டுப்பாட்டாளர் முன்னால் ஒரு பலகையில் விமானத்துக்கு ஒன்றாகக் காகிதப் பட்டைகள் சட்டங்களில் செருகப்பட்டிருக்கும். அழைப்புப் பெயர், உயரம், வழியில் பெயரிட்டுக் குறித்த இடமான ஒவ்வொரு நிலைப்புள்ளியையும் கடக்க வேண்டிய நேரம் ஆகியவை அதில் இருக்கும். விமானி நேரத்தைச் சொன்னதும் மதிப்பிட்ட நேரத்தின் பக்கத்தில் உண்மை நேரத்தை எழுதி, அதே உயரத்தில் முன்னால் போகும் விமானத்தின் பட்டையோடு ஒப்பிட்டு, இடைவெளி குறைகிறதா என்று பார்ப்போம். ஒரே வழியில், ஒரே உயரத்தில் செல்லும் இரண்டு விமானங்களுக்கு நடுவே 10 நிமிடம் விட வேண்டியிருந்தது. மணிக்கு 480 கடல் மைல் வேகத்தில் அது 80 கடல் மைல்.

பின்னர் விமானம் தன் நிலையைச் செயற்கைக்கோள் வழியே தானாகவே அனுப்பும் ஏடிஎஸ்-சி முறையும், விமானியும் கட்டுப்பாட்டாளரும் எழுத்துச் செய்தியாகப் பேசிக்கொள்ளும் சிபிடிஎல்சி முறையும் வந்தன. உரிய கருவியும் ஒப்புதலும் பெற்ற விமானங்களுக்கு 50 கடல் மைல் போதும், அதனினும் துல்லியமாக வழிசெலுத்த வல்லவற்றுக்கு 30 கடல் மைல் போதும் என்று ஆயிற்று. செங்குத்து இடைவெளியிலும் இதே கதைதான். இந்திய வான்வெளியில் 2003 நவம்பர் 27 முதல் 29,000 அடிக்கும் 41,000 அடிக்கும் நடுவே 2,000 அடி இடைவெளி 1,000 அடியாகக் குறைக்கப்பட்டபோது, புதிதாக ஆறு உயரநிலைகள் கிடைத்தன.

இந்த எண்களை யாரும் துணிச்சலால் குறைத்துவிடவில்லை என்பதை நீங்கள் மனத்தில் கொள்ள வேண்டும். வட அட்லாண்டிக் வழிகளுக்காக 1960-களில் பிரிட்டனின் ஃபார்ன்பரோவில் ரைக் என்பவர் உருவாக்கிய மோதல் அபாயக் கணிதம்தான் இன்றும் அடிப்படை. விமானங்கள் தமக்குரிய தடத்திலிருந்து எவ்வளவு விலகுகின்றன, எத்தனை முறை ஒன்றை ஒன்று கடக்கின்றன என்பவற்றைக் கொண்டு மோதல் வாய்ப்பைக் கணக்கிடுவார்கள். பன்னாட்டுக் குடிசார் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ ஏற்றுக்கொண்ட வரம்பு, ஒவ்வொரு திசையிலான இடைவெளிக்கும் 100 கோடிப் பறப்பு மணி நேரத்துக்கு 5 உயிரிழப்பு விபத்துகளுக்கு மேல் போகக் கூடாது என்பதாகும். வங்காள விரிகுடா, அரபிக்கடல், இந்தியப் பெருங்கடல் பகுதிகளுக்கு இந்தக் கிடைமட்ட அபாயக் கணக்கைச் செய்யும் பொபாஸ்மா என்ற கண்காணிப்பு அமைப்பு சென்னையில்தான் இயங்குகிறது. ஒவ்வொரு மண்டலத்திலிருந்தும் விலகல் அறிக்கைகளும் போக்குவரத்துத் தரவுகளும் அங்கே வந்து சேர்கின்றன. ஆய்வு என்பது அட்லாண்டிக்குக்கு அப்பால் நடக்கும் ஒன்று என்று உங்கள் தோழிகள் நினைத்தால், இதைச் சொல்லுங்கள்.

ஆகையால் என் கருத்து, முதலில் பணியில் சேருங்கள் என்பதே. கடும் மழை மேகத்தைச் சுற்றிப் போக ஒரே நேரத்தில் நான்கு விமானிகள் அனுமதி கேட்கும்போது மனம் எப்படி வேலை செய்கிறது என்பதை அமர்ந்து பார்த்தவர்தான் பயன்படக்கூடிய கருவியை உருவாக்க முடியும்.

பதில் 2: ஆய்வு மாணவர், டெல்ஃப்ட் (நெதர்லாந்து)

ஐயா சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். முடிவில் மட்டும் வேறுபடுகிறேன். பணியில் சேர்பவர்கள் பயிற்சிக்காக உறுதிப் பத்திரம் எழுதித் தருகிறார்கள். சுழற்சிமுறை வேலை, இடமாற்றம், மீண்டும் தகுதித் தேர்வு என்று ஆண்டுகள் ஓடும். கணிதத்தோடு இருந்த நெருக்கம் தளர்ந்த பின் ஆய்வுக்குத் திரும்புவது எல்லோருக்கும் கைகூடுவதில்லை. கட்டுப்பாட்டாளர் உரிமம் இல்லாமலேயே இத்துறையில் சிறந்த ஆய்வு செய்தவர்கள் பலர். அவர்கள் அனைவரும் கட்டுப்பாட்டாளர்களுடன் நெடுநேரம் அமர்ந்திருந்தார்கள் என்பதும் உண்மை. அதற்கு உரிமம் தேவையில்லை, பொறுமையும் அனுமதிக் கடிதமும் போதும்.

ஒரு மாணவர் எதைக் கணக்கிடத் தொடங்குவார் என்று கேட்டீர்கள். எனக்கு மிகவும் பிடித்த ஓர் ஆய்வை எடுத்துச் சொல்கிறேன். பாஸ்டன் லோகன் விமான நிலையத்தில் நெரிசல் வேளையில் விமானங்கள் நிறுத்துமிடத்திலிருந்து பின்தள்ளப்பட்டு, இயந்திரத்தை இயக்கியபடி ஓடுபாதை முனையில் நீண்ட வரிசையில் காத்து நிற்கும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்கள் செய்த முதல் வேலை மிக எளிமையானது: ஒரே நேரத்தில் எத்தனை விமானங்கள் தரையில் ஊர்ந்துகொண்டிருந்தன, அப்போது நிமிடத்துக்கு எத்தனை புறப்பட்டன என்பதைப் பழைய தரவிலிருந்து எடுத்து வரைபடமாக்கினார்கள். ஊரும் விமானங்கள் கூடக்கூடப் புறப்பாடும் கூடுகிறது. ஓர் எல்லைக்குப் பின் கோடு படுத்துவிடுகிறது. அந்த எல்லைக்கு மேல் பின்தள்ளப்படும் ஒவ்வொரு விமானமும் ஓடுபாதைக்கு எந்த உதவியும் செய்யாமல் எரிபொருளை மட்டும் எரிக்கிறது. அப்படியானால் அடுத்த கால் மணி நேரத்துக்கு எந்த வேகத்தில் பின்தள்ள அனுமதிக்கலாம் என்று கணக்கிட்டுச் சொல்லிவிடலாம்.

கணக்கு கிடைத்த பிறகுதான் கடினமான கேள்வி எழுந்தது. அதைக் கோபுரத்தில் இருப்பவரிடம் எப்படிச் சொல்வது? அவர் கண் வெளியே ஓடுபாதையில் இருக்கிறது. வாய் வானொலியில் பேசிக்கொண்டிருக்கிறது. புதிதாக ஒரு திரையை வைத்தால் அதை அவர் பார்க்க மாட்டார், பார்த்தால் ஓடுபாதையைப் பார்க்க மாட்டார். 2010-ஆம் ஆண்டு சோதனையில் அவர்கள் கையாண்டது வண்ண அட்டைகள். ஒவ்வொரு வேகத்துக்கும் ஒரு நிற அட்டை. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை பொருத்தமான அட்டையைக் கட்டுப்பாட்டாளர் எதிரில் வைத்தார்கள். வேறு எதுவும் இல்லை. நான்கு மணி நேரம் நீண்ட எட்டுச் சோதனைகளில் 247 விமானங்கள் நிறுத்துமிடத்திலேயே காத்திருந்தன. சராசரிக் காத்திருப்பு நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல். மிச்சமான எரிபொருள் 12,000 கிலோவுக்கு மேல் என்று மதிப்பிடப்பட்டது. அடுத்த ஆண்டுதான் அட்டைக்குப் பதிலாகக் கைக்கணினி வந்தது. இந்த ஆய்வின் முதன்மையானவர்களில் ஒருவரான பேராசிரியர் ஹம்சா பாலகிருஷ்ணன் சென்னை ஐஐடியில் விண்வெளிப் பொறியியல் படித்தவர் என்பது உங்களுக்கு ஊக்கம் தரும் என நம்புகிறேன்.

வரிசைக் கோட்பாடு, உகப்பாக்கம், புள்ளியியல், நிரலாக்கம் ஆகிய நான்கிலும் அடித்தளம் இருந்தால் இப்படிப்பட்ட ஆய்வில் இறங்கலாம். வந்திறங்கும் விமானங்களை ஒழுங்குபடுத்துவது, விமானத்தின் பாதையை இடத்தோடு நேரத்தையும் சேர்த்து முன்கூட்டியே ஒப்புக்கொள்வது, இடிமேகத்தால் வான்வெளியின் கொள்ளளவு எவ்வளவு குறையும் என்று கணிப்பது, ஆளில்லா வானூர்திகளுக்கு இடமளிப்பது என்று கிளைகள் பல. தரவுக்கு இன்று பஞ்சமில்லை. ஏடிஎஸ்-பி கருவி பொருத்திய விமானம் தன் நிலையை நொடிக்கு இரண்டு முறை அளவில் 1090 மெகாஹெர்ட்ஸில் பொதுவெளியில் அறிவித்தபடியே செல்கிறது. அப்படிப் பெற்ற செய்திகளைச் சேர்த்து வைத்து ஆய்வாளர்களுக்குத் தரும் ஓப்பன்ஸ்கை வலையமைப்பு இருக்கிறது. டெல்ஃப்டில் உருவான புளூஸ்கை என்ற வான்போக்குவரத்துப் பாவனை மென்பொருள் பைதானில் எழுதப்பட்டது. எவரும் இலவசமாக இறக்கிப் பயன்படுத்தலாம். அமெரிக்காவும் ஐரோப்பாவும் சேர்ந்து 1997 முதல் நடத்திவரும் வான்போக்குவரத்து மேலாண்மைக் கருத்தரங்கின் கட்டுரைகள் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. இதற்கு மேல் படிக்க எங்கே போகலாம் என்றால், டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், துலூஸில் இருக்கும் பிரான்சின் தேசிய விமானப் போக்குவரத்துக் கல்லூரி, சுவீடனின் லின்ஷோப்பிங் ஆகியவற்றைச் சொல்வேன். குடும்பத்தை விட்டு வெகுதூரம் போகத் தயக்கம் இருந்தால் சிங்கப்பூரின் நான்யாங் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஓர் ஆய்வு நிறுவனம் உண்டு.

பதில் 3: மனிதக் காரணிகள் ஆய்வாளர்

உங்கள் அப்பாவின் தயக்கத்துக்கு மட்டும் பதில் சொல்ல விரும்புகிறேன்.

2023 ஆகஸ்ட் 28 அன்று பிரிட்டனின் பறப்புத் திட்டங்களைக் கையாளும் கணினி ஒரே ஒரு திட்டத்தைப் படிக்க முடியாமல் நின்றுபோனது. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து பாரிஸ் செல்லும் விமானத்தின் திட்டம் அது. அதன் வழியில் டிவிஎல் என்ற ஒரே குறியெழுத்தைக் கொண்ட இரண்டு நிலைப்புள்ளிகள் இருந்தன: ஒன்று அமெரிக்காவின் டெவில்ஸ் லேக், இன்னொன்று பிரான்சின் டோவில். பிரிட்டன் வான்வெளியைவிட்டு வெளியேறும் இடத்தைத் தேடிய மென்பொருள் குழம்பியது. தவறான தகவலைக் கட்டுப்பாட்டாளருக்குத் தந்துவிடக் கூடாது என்று தானாகவே செயலை நிறுத்திக்கொண்டது. மாற்றுக் கணினி அதே திட்டத்தை வாங்கி, அதே இடத்தில் குழம்பி, அதேபோல் நின்றது. சேமிப்பில் இருந்த நான்கு மணி நேரத் தரவு தீர்வதற்குள் பழுதைக் கண்டுபிடிக்க முடியாமல் போனதால் திட்டங்களைக் கையால் உள்ளிட வேண்டியதாயிற்று. 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் பாதிக்கப்பட்டார்கள். வானில் இருந்த விமானங்கள் பத்திரமாக இறங்கின. காரணம், கட்டுப்பாட்டாளர்கள் இருந்தார்கள், வரும் விமானங்களின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள்.

மறுபக்கமும் உண்டு. 2002 ஜூலை 1 இரவு ஜெர்மனியின் யூபர்லிங்கன் வானில் இரண்டு விமானங்கள் மோதி 71 பேர் இறந்தார்கள். சூரிச் மையத்தில் பராமரிப்புப் பணி நடந்துகொண்டிருந்தது. முக்கியத் தொலைபேசி இணைப்பு வேலை செய்யவில்லை. திரையில் மோதல் எச்சரிக்கை தோன்றவில்லை. ஒரே கட்டுப்பாட்டாளர் இரண்டு மேசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆபத்தைத் தன் திரையில் கண்ட கார்ல்ஸ்ரூஹே மையத்தால் அவரைத் தொலைபேசியில் பிடிக்க முடியவில்லை. ரஷ்ய விமானத்தின் மோதல் தவிர்ப்புக் கருவி மேலேறச் சொன்னது. கட்டுப்பாட்டாளர் கீழிறங்கச் சொன்னார். விமானிகள் அவர் சொன்னபடி இறங்கினார்கள்; மற்ற விமானமும் தன் கருவி சொன்னபடி இறங்கிக்கொண்டிருந்தது. இதற்குப் பிறகு, முரண்பட்டால் கருவியின் கட்டளையையே பின்பற்ற வேண்டும் என்று விதிகள் திருத்தி எழுதப்பட்டன; ஒரு விமானம் கட்டளையை மீறிச் சென்றால் மற்ற விமானத்துக்குத் திசையை மாற்றிச் சொல்லும் தர்க்கம் கருவியின் 7.1 பதிப்பில் மேம்படுத்தப்பட்டது. அந்தத் தர்க்கத்தை உருவாக்கியதும், ஆயிரக்கணக்கான மோதல் சூழல்களில் அதைச் சோதித்ததும் ஆய்வாளர்களின் வேலை.

மனிதர் நெடுநேரம் எதுவும் செய்யாமல் திரையைக் கண்காணித்துக்கொண்டே இருந்தால் கவனம் தளரும் என்பது உளவியலில் நன்கு நிறுவப்பட்டது. கணினியிடம் எந்த வேலையைத் தருவது, எதை மனிதரிடமே வைத்துக்கொள்வது, கணினி நின்றுபோகும்போது அவர் நிலைமையைக் கையில் எடுக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பவை இன்னும் தீராத கேள்விகள். தானியக்கம் கூடும்போது இந்தக் கேள்விகளும் கூடுகின்றன. உங்கள் மகள் வேலையின்றி நிற்பாள் என்ற அச்சம் வேண்டியதில்லை என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.

மாணவியின் தொடர்ச்சி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்றாவது பதிலை அப்பாவிடம் படித்துக் காட்டப் போகிறேன். தேர்வையும் எழுதுகிறேன், மேற்படிப்புக்கும் விண்ணப்பிக்கிறேன். அதற்குள் இறுதியாண்டுத் திட்டப்பணியையே இத்துறையில் செய்ய விரும்புகிறேன். ஓப்பன்ஸ்கை தரவைக் கொண்டு சென்னையில் எதை ஆராயலாம்?

பதில் 4: ஆய்வு மாணவர், டெல்ஃப்ட்

வந்திறங்கும் விமானங்களின் கூடுதல் நேரத்தைக் கணக்கிடுங்கள். நிலையத்தைச் சுற்றி 100 கடல் மைல் ஆரத்தில் ஒரு வட்டம் வரைந்து, ஒவ்வொரு விமானமும் வட்டத்துக்குள் நுழைந்ததிலிருந்து தரை தொடும் வரை எடுத்துக்கொண்ட நேரத்தை எடுங்கள். நெரிசலே இல்லாத வேளையில் அதே திசையிலிருந்து, அதே ஓடுபாதைக்கு, அதே வகை விமானம் எடுத்துக்கொள்ளும் நேரத்தை அதிலிருந்து கழியுங்கள். ஐகாவோ பரிந்துரைக்கும் செயல்திறன் அளவுகோல்களில் இதுவும் ஒன்று என்பதால் மற்ற நிலையங்களோடு ஒப்பிட முடியும். கடல் பக்கத்தில் தரவில் இடைவெளிகள் இருக்கலாம். அப்படியிருந்தால் ஆரத்தை 40 கடல் மைலாகக் குறைத்துக்கொள்ளுங்கள். தரவைத் துப்புரவு செய்வதற்கே பாதிக் காலம் போகும், அதைக் கண்டு சோர்ந்துவிட வேண்டாம்.

பதில் 5: ஓய்வுபெற்ற கட்டுப்பாட்டாளர்

தம்பி சொன்ன கணக்கோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னையின் முதன்மை ஓடுபாதை 07/25; இரண்டு எண்களும் அதன் இரண்டு எதிரெதிர்த் திசைகளைக் குறிக்கும். இரண்டாவதான 12/30 அதைக் குறுக்கே வெட்டுகிறது, தாம்பரம் விமானப்படைத் தளமும் அருகிலேயே இருக்கிறது. கோடையில் முற்பகல் வரை மேற்குக் காற்று வீசும்; விமானங்கள் 25-இல் இறங்கும். பிற்பகலில் கடல்காற்று உள்ளே புகுந்ததும் 07-க்கு மாற்ற வேண்டிவரும். ஒரு பக்கம் வரிசைகட்டி வந்துகொண்டிருக்கும் விமானங்களை எல்லாம் மறுபக்கம் சுற்றிக் கொண்டுவர வேண்டும் என்பதால், அந்த வேளை கட்டுப்பாட்டாளர்களுக்கு மிகவும் நெருக்கடியானது. நிலையத்தின் வானிலை அறிக்கைகள் பொதுவில் கிடைக்கின்றன. காற்று எப்போது திரும்பியது, ஓடுபாதை எப்போது மாற்றப்பட்டது, அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரத்தில் கூடுதல் நேரம் எவ்வளவு ஏறியது என்று மே முதல் ஜூலை வரை பாருங்கள். கடல்காற்றின் வருகையை அரை மணி நேரம் முன்னதாகக் கணிக்க முடிந்தால் எவ்வளவு மிச்சமாகும் என்பதையும் உங்களால் மதிப்பிட முடியும். முடிவுகள் வந்ததும் இங்கேயே பதியுங்கள். வரைபடங்களைப் பார்த்து, எந்த ஏற்றத்துக்கு எது காரணமாக இருக்கும் என்று சொல்ல நான் அணியமாக இருக்கிறேன்.